கரோலினா பேந்தர்ஸ் 59: பாளையங்கோட்டைத் தையல் மேசையில் ஒரு அமெரிக்க ஜெர்சி

பொருள்: அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.லில் ஆடும் கரோலினா பேந்தர்ஸ் அணியின் கறுப்பு ஜெர்சி. முன்னும் பின்னும் 59, முதுகில், அந்த அணியில் முன்பு ஆடிய லூக் கீக்லியின் பெயர். அளவு எல். விலை 150 டாலரை ஒட்டி வந்ததாம். நம்ம காசுக்குப் பதின்மூவாயிரத்துக்குக் குறையாது. வாங்கியது நானில்லை. சார்லட்டில் ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கும் அக்கா மகன் லீவுக்கு வந்தபோது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தான்.

"மாமா, ஆட்டம் உங்களுக்குப் புரியாது. தையலை மட்டும் பாருங்க" என்று மேசையில் போட்டான். தையலைத்தான் முதலில் பார்த்தேன். ஆட்டம் அப்புறம் தானாக வந்து சேர்ந்தது.

நான் விளையாட்டுச் சட்டை தைக்கிறவன். கோயில் கொடை, பொங்கல் என்று எதைச் சாக்கிட்டும் கபடிப் போட்டி வைக்கிற சீமை இது. ஆலங்குளம், நாங்குநேரி, முக்கூடல் பக்கமிருந்து பையன்கள் வந்து அணிக்குப் பன்னிரண்டு செட் என்று ஆர்டர் கொடுப்பார்கள். திருப்பூரிலிருந்து துணி ரோல் வரும். சூட்டில் சாயத்தைத் துணிக்குள் இறக்கும் சப்ளிமேஷனில் பிரிண்ட் ஏற்றி, ஓவர்லாக் அடித்துக் கையில் கொடுத்துவிடுவோம். இந்த ஒரு சட்டையின் காசில் என்னிடம் ஒரு முழு அணிக்கே மேல்சட்டையும் டிரவுசரும் தைத்துக்கொண்டு, மிச்சத்துக்கு எல்லாரும் புரோட்டா சாப்பிடலாம். அதை மனதில் வைத்துக்கொண்டுதான் சட்டையைப் புரட்டினேன்.

கையில் எடுத்ததும் தெரிவது கனம். எங்கள் கபடிச் சட்டை காற்று மாதிரி இருக்கும், இது தொங்குகிறது. துணி பாலியெஸ்டர்தான், அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. கனமெல்லாம் எண்ணிலிருந்து வருகிறது. எண் பிரிண்ட் அல்ல, ஸ்டிக்கரும் அல்ல. ட்வில் துணியை எண் வடிவத்தில் வெட்டி, நீலத் துணியின் மேல் வெள்ளைத் துணியை வைத்து, விளிம்பை ஜிக்ஜாக் தையலில் அடைத்துத் தைத்திருக்கிறார்கள். லென்ஸை வைத்துப் பார்த்தேன். 5-இன் உள்வளைவில் ஊசி திரும்புகிற இடம்தான் தையல்காரன் மாட்டிக்கொள்ளும் இடம். அங்கே துணி சுருங்கும், இல்லாவிட்டால் நூல் ஒன்றின் மேல் ஒன்று ஏறி முடிச்சு விழும். இதில் இரண்டுமில்லை. வளைவுக்குள் போகிறபோது தையலின் நெருக்கம் கொஞ்சம் கூடுகிறது, வெளியே வந்ததும் பழையபடி ஆகிறது. உட்புறம் திருப்பினால் அடியில் வைத்த தாளைக்கூட ஒட்டக் கத்தரித்திருக்கிறார்கள். என் கடையில் இருபது வருஷமாக மெஷினில் உட்காருகிற அண்ணாச்சி ஒருவர் இதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவரிடமிருந்து இதற்கு மேல் பாராட்டை எதிர்பார்க்க முடியாது.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். இந்த ஜெர்சியில் கேம், லிமிடெட், எலைட் என்று தரம் பிரித்து விற்கிறார்கள். கேம் வகையில் எண் பிரிண்ட், விலை குறைவு. லிமிடெட்டில்தான் தைத்த எண். எலைட் இன்னும் மேலே, விலையும் அப்படியே. என் மேசையில் இருப்பது லிமிடெட். இன்னொன்று: நைக்கி இந்த லீகுக்குச் சட்டை கொடுக்கத் தொடங்கியதும், கீக்லி லீகில் காலடி வைத்ததும் ஒரே ஆண்டு, 2012. அதற்கு முன்னால் ரீபாக். அதனால் கீக்லி பெயரோடு ரீபாக் முத்திரை போட்ட சட்டையை யாராவது 'ஒரிஜினல் பழசு' என்று காட்டினால், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

எண்ணைப் பற்றிச் சொல்லாமல் இந்தச் சட்டையைப் பற்றிச் சொல்ல முடியாது. நம்ம பையன்கள் எல்லாருக்கும் 7 வேண்டும், 10 வேண்டும். அதற்காகவே கடையில் சண்டை நடக்கும். அமெரிக்காவில் 1973-இல் என்.எஃப்.எல். ஒரு சட்டம் போட்டது. இன்ன இடத்தில் ஆடுகிறவனுக்கு இன்ன எண்தான். லைன்பேக்கர் என்ற தடுப்பாட்டக்காரன் என்றால் ஐம்பதுகள். பிறகு தொண்ணூறுகளையும், 2015-இல் நாற்பதுகளையும் சேர்த்தார்கள். 2021-இல்தான் கட்டு நன்றாகத் தளர்ந்தது. கீக்லி காலத்தில் 59 என்று பார்த்தாலே மைதானத்தில் அவன் நிற்கும் இடம் பாதி தெரிந்துவிடும். எனக்குப் பிடித்த ஏற்பாடு. எண்ணுக்கு ஒரு வேலை இருக்கிறது.

லைன்பேக்கர் யார் என்று மருமகன் எனக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். ஒரு பக்கத்துக்குப் பதினொரு பேர். தடுக்கும் அணியில் முன்வரிசையில் மலை மாதிரி நாலு பேர் எதிராளியோடு முட்டிக்கொண்டு நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால் நிற்பவர்கள்தான் லைன்பேக்கர்கள். பந்தை வைத்துக்கொண்டு ஓடிவருகிறவனை அமுக்க வேண்டும், பந்தை எறிந்தால் பின்னால் ஓடித் தடுக்க வேண்டும், சமயத்தில் முன்னால் பாய்ந்து எறிகிறவனையே கவிழ்க்க வேண்டும். அதிலும் நடுவில் நிற்கிறவனுக்கு இன்னொரு பொறுப்பு. அவன் ஹெல்மெட்டுக்குள் ரேடியோ இருக்கும். பின்னால் ஒரு பச்சைப் பொட்டு ஒட்டியிருக்கும். பயிற்சியாளர் காதில் பேசுவார். ஒவ்வொரு முறையும் பந்தைக் கிளப்பக் கொடுக்கும் நேரத்தில் 15 விநாடி மிச்சம் இருக்கும்போது அந்த ரேடியோ அறுந்துவிடும். அதற்கப்புறம் மற்ற பத்துப் பேரையும் எங்கே நகர்த்துவது என்று அவன்தான் கத்த வேண்டும். தடுக்கும் அணிக்கு இந்த ரேடியோ வந்ததே 2008-இல்தான்.

நான் சின்ன வயதில் கபடியில் லெஃப்ட் கார்னரில் நின்றவன். ரைடர் கோட்டைத் தாண்டி உள்ளே வரும்போது அவன் இடுப்பைப் பார்த்து, போனஸுக்குப் போகிறானா, கார்னருக்கு உள்பக்கம் நிற்கும் கவரைத் தொட வருகிறானா என்று கணித்து, பக்கத்துக்காரன் கையை அழுத்திச் சைகை கொடுக்கிறவன் கார்னர்தான். அதனால் ரேடியோ அறுந்த பிறகு வரும் அந்த 15 விநாடியை மருமகன் விளக்கவே தேவையில்லாமல் போயிற்று.

கீக்லி இதில் ராஜா. மைக் மாட்டிவிட்டு எடுத்த வீடியோக்கள் இருக்கின்றன. எதிரணி நிற்கிற வரிசையைப் பார்த்தே, வரப்போகிற ஆட்டம் இன்னது என்று பந்து கிளம்பும் முன்பே கூவுகிறார். அது அப்படியே நடக்கிறது. எதிரணியின் பழைய ஆட்டங்களை வீடியோவில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பார்த்ததால் வந்த வித்தை அது. உடம்பு ஒன்றும் பூதம் அல்ல. ஆறடி மூன்று அங்குலம், நூற்றெட்டு கிலோ போல. அந்த ஆட்டத்தில் இது நடுத்தரம்தான்.

ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி பக்கம் 1991-இல் பிறந்தவர். செயின்ட் சேவியர் என்ற பள்ளி. நம்ம பாளையங்கோட்டைக்காரர்களுக்கு அந்தப் பெயர் எங்கே போனாலும் துரத்திக்கொண்டு வரும். பிறகு பாஸ்டன் காலேஜில் மூன்று வருஷம் 40-ஆம் எண் சட்டையில் ஆடி 532 டேக்கிள், அதாவது பந்தோடு வருகிறவனை அமுக்கிய கணக்கு. 2011-இல் நாட்டின் சிறந்த கல்லூரி லைன்பேக்கருக்கான பட்கஸ் விருது. கல்லூரி ஆட்டக்காரர்களை லீக் அணிகள் முறைவைத்து எடுக்கும் 2012 தேர்வில் ஒன்பதாவது ஆளாக கரோலினா எடுத்தது. முதல் வருஷமே லீகில் அதிக டேக்கிள், 164. சிறந்த புதுமுகத் தடுப்பாட்டக்காரர் விருது. அடுத்த வருஷமே, 2013-இல், மொத்த லீகிலும் சிறந்த தடுப்பாட்டக்காரர். வயது இருபத்திரண்டு.

அந்த 2013 நவம்பரில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸோடு நடந்த ஆட்டத்தின் கடைசிப் பந்தை மட்டும் நான் பலமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். கரோலினா 24, எதிரணி 20. நேரம் முடிந்துபோயிற்று. எதிரணியின் டாம் பிரேடி, மைதானக் கோடியில் புள்ளி எடுக்கும் இடமான எண்ட் ஸோனுக்குள் எறிகிறார். அங்கே கிரான்கவ்ஸ்கி என்ற ஆஜானுபாகுவை கீக்லி இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துப் பின்னால் தள்ளிக்கொண்டு போகிறார். பந்து முன்னால் நிற்கும் வேறொரு கரோலினாக்காரன் கையில் விழுகிறது. நடுவர் மஞ்சள் கொடியை எறிகிறார். அப்புறம் கூடிப் பேசுகிறார்கள். கொடியை எடுத்துக்கொள்கிறார்கள். ஆட்டம் முடிந்தது. பிடிக்க முடியாத பந்து, அதனால் ஃபவுல் இல்லை என்று தீர்ப்பு. மருமகன் கரோலினா கட்சி, "சரியான தீர்ப்பு மாமா" என்கிறான். நான் நடுவராக இருந்திருந்தால் கொடியைத் தரையில்தான் விட்டிருப்பேன். நல்ல பிடி, ஆனால் ஃபவுல்.

பிடி என்றதும் சட்டைக்கே திரும்புகிறேன். டிவியில் ஆட்டக்காரர்கள் போடும் சட்டை உடம்போடு ஒட்டி, தோள் கவசத்தின் மேல் இழுத்துக் கட்டியதுபோல இருக்கும். எதிராளியின் விரலுக்கு ஒரு மடிப்புக்கூடக் கிடைக்கக் கூடாது என்பது கணக்கு. ஒரு காலத்தில் இன்னும் தந்திரமாக, பிடித்தால் கிழிந்து கையோடு வந்துவிடும் மெல்லிய துணியில் சட்டை தைத்திருக்கிறார்கள். கிளீவ்லாந்து அணியில் கிரெக் ப்ரூயிட் என்பவர் ஒரே ஆட்டத்தில் அப்படிப் பல சட்டைகளை மாற்றிக்கொண்டு ஓடியவர். 1979-இல் லீக் அதைத் தடை செய்தது. அதேபோல, பின்னாலிருந்து கழுத்துப்பட்டைக்குள் கைவிட்டு இழுத்து வீழ்த்துவதும் 2005-லிருந்து குற்றம். பல பேருக்குக் கால் முறிந்த பிறகு வந்த விதி. என்னிடம் ரிப்பேருக்கு வருகிற கபடிச் சட்டைகள் பத்தில் எட்டு அக்குள் தையலில்தான் கிழிந்து வரும். இதில் அக்குளைப் பார்த்தேன். இரட்டைத் தையல், முனையில் பார்டாக் என்ற நெருக்கமான பூட்டுத் தையல். இழுத்தும் பார்த்தேன், மருமகன் பதறினான், ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் கடையில் விற்பது ரசிகனுக்கான வெட்டு. தொளதொளவென்று இருக்கும். எல் அளவு எனக்கு இன்னொரு ஆளையும் உள்ளே வைத்துக்கொள்ளலாம் போல நிற்கிறது. நம்ம உடம்புக்கு ஒரு அளவு, சில பேருக்கு இரண்டு அளவுகூடக் குறைத்து வாங்க வேண்டும். கபடிக்குப் போட்டுக்கொண்டு இறங்கினால் ரைடரைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கிவிடுவார்கள்.

கழுத்தின் உட்புறம் பின்னால் ஒரு சின்ன வாசகம் இருக்கிறது. போட்டுக்கொண்டால் வெளியே தெரியாது. 'கீப் பவுண்டிங்'. விடாமல் அடி, அடித்துக்கொண்டே இரு. இதைச் சொன்னவரும் லைன்பேக்கர்தான், சாம் மில்ஸ். ஐந்தடி ஒன்பது அங்குலம். குள்ளம் என்று எந்த அணியும் தேர்வில் எடுக்கவில்லை. பள்ளியில் வாத்தியாராக இருந்தார். அப்புறம் வேறொரு லீகில் ஆடி, நியூ ஆர்லியன்ஸ் வந்து, கரோலினா அணி 1995-இல் பிறந்தபோது அதன் முதல் ஆட்டக்காரர்களில் ஒருவரானார். 2003-இல் அங்கே பயிற்சியாளராக இருந்தபோது குடல் புற்றுநோய். அந்தப் பருவத்தின் பிளேஆஃப் ஆட்டத்துக்கு முன்னால் பையன்களைக் கூப்பிட்டு, எனக்கு இரண்டு வழிதான் இருந்தது, விட்டுவிடுவது அல்லது அடித்துக்கொண்டே இருப்பது என்று பேசினார். 2005-இல் இறந்தார், 45 வயது. அவருடைய 51-ஐ அதற்கப்புறம் அந்த அணியில் யாருக்கும் கொடுக்கவில்லை. 2022-இல் ஹால் ஆஃப் ஃபேமில் பெயர் ஏறியது.

அந்த வாசகத்துக்கு உடம்பால் உரை எழுதியவர் 58-காரர், தாமஸ் டேவிஸ். கீக்லிக்குப் பக்கத்திலேயே நின்ற லைன்பேக்கர். மருமகன் கடையில் 58 எடுப்பதா 59 எடுப்பதா என்று குழம்பி நின்றதே இவரால்தான். வலது முழங்காலில் ஒரே தசைநார் மூன்று முறை அறுந்தது, 2009, 2010, 2011. மூன்று முறையும் திரும்பி வந்தார். 2015 பருவத்தில் அணி 15 வெற்றி, 1 தோல்வி என்று ஓடியது. அரிசோனாவோடு நடந்த அரையிறுதியில் டேவிஸுக்கு முன்கை எலும்பு முறிந்தது. தகடு வைத்துத் திருகி, இரண்டு வாரத்தில் இறுதி ஆட்டமான சூப்பர் போல் 50-இல் இறங்கினார். நமக்கு அது 2016 பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை விடிகாலை ஐந்து மணி. டென்வர் 24, கரோலினா 10. அன்றைக்கு ஆட்டநாயகன் விருதும் எதிரணியின் ஒரு லைன்பேக்கருக்கே போயிற்று, வான் மில்லர். அவருக்கும் எண் 58.

சரி, 59-காரருக்கு வருவோம். கீக்லிக்கு உடைந்தது கையோ காலோ அல்ல. 2015-இல் தலையில் அடி, மூளை அதிர்ச்சி. 2016 நவம்பரில் மறுபடி. நியூ ஆர்லியன்ஸ் ஆட்டத்தில் விழுந்தவர் எழுந்திருக்காமல் மூச்சு வாங்கிக்கொண்டு அழுகிறார். வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகிறார்கள். அத்தனை பெரிய ஆள் குழந்தை மாதிரி ஏங்கி அழுததை நாடே டிவியில் பார்த்தது. 2017-இல் மூன்றாவது முறை. அந்தக் காலத்தில் கழுத்தில் வளையம் மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு ஆட ஆரம்பித்தார். கியூ காலர் என்று பெயர். கழுத்து ரத்தக்குழாயை லேசாக அழுத்தி, மண்டைக்குள் கொஞ்சம் கூடுதல் ரத்தம் நிற்கச் செய்து, மூளை குலுங்குவதைக் குறைக்கப் பார்க்கிறது. ஹெல்மெட் மண்டை ஓட்டைக் காப்பாற்றும். உள்ளே மூளை ஓட்டில் போய் மோதுவதை அது எப்படி நிறுத்தும்?

ஜூனியர் சீயோ என்று இன்னொரு லைன்பேக்கர், சான் டியேகோவின் 55. இருபது பருவம் ஆடினார். 2012-இல், 43 வயதில், தன்னைத்தானே சுட்டுக்கொண்டு செத்தார். மூளையைப் பரிசோதித்ததில் சி.டி.இ. என்ற நோய் இருந்தது தெரிந்தது. தலையில் திரும்பத் திரும்ப வாங்கும் அடியோடு சேர்த்துப் பேசப்படும் நோய் அது. சீயோ இறந்தபோது கீக்லி கரோலினாவில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

2020 ஜனவரியில், 28 வயதில், கீக்லி போதும் என்று சொல்லிவிட்டார். எட்டுப் பருவம், 118 ஆட்டம், ஆயிரத்துக்கு மேல் டேக்கிள், லீகின் நட்சத்திரங்களுக்கான ப்ரோ போலுக்கு ஏழு முறை தேர்வு. ஆட முடியாமல் நின்றவர் அல்ல. அந்த வருஷமும் ப்ரோ போலுக்குத் தேர்வானவர். வீடியோவில் கண் கலங்கப் பேசுகிறார். இந்த ஆட்டத்தை வேகமாக, முழு பலத்தோடு ஆட வேண்டும், இனி என்னால் அது முடியுமா தெரியவில்லை, ஆட ஆசை இருக்கிறது, ஆனால் அது சரியான முடிவு இல்லை என்கிறார். மூன்று மூளை அதிர்ச்சியைப் பற்றி நீட்டி முழக்கவில்லை. அப்புறம் அதே அணிக்கு ஆள் தேர்வுசெய்யும் வேலை கொஞ்ச நாள், ரேடியோ வர்ணனை.

மருமகனுக்கு டேவிஸ்தான் பெரிய ஆள். எனக்கு கீக்லி. போன கொடையில் ஒரு போட்டியில், ஊர் சொல்ல மாட்டேன், கவரில் நின்ற பையன் ரைடரை இடித்து வெளியே தள்ளும் டேஷுக்குப் போய், இருவரும் மோதி, பையன் தலை கட்டாந்தரையில் பட்டது. கண் சொருகிவிட்டது. தண்ணீர் தெளித்தார்கள், முகத்தைத் துடைத்தார்கள், அடுத்த ரைடுக்கு உள்ளே நிறுத்தினார்கள். கைதட்டு வேறு. பையன் நான் தைத்த சட்டையைப் போட்டிருந்தான். எந்தப் பக்கம் நின்று ஆடினோம் என்றே அவன் ஆட்டம் முடிந்து கேட்டுக்கொண்டிருந்தான். முழங்கால் போனால் நொண்டிக்கொண்டாவது கடைக்கு வரலாம், நானே அப்படித்தான் வருகிறேன்.

போலிச் சட்டைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைக்கு வரும் கல்லூரிப் பையன் ஒருவன் இதே 59-ஐ ஆன்லைனில் அறுநூறு ரூபாய்க்கு வாங்கி வைத்திருந்தான். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தேன். அதில் எண் சூட்டில் ஒட்டிய வினைல். நாலு துவைப்பில் 9-இன் வால் உரிந்து தொங்குகிறது. நீலம் பேந்தர்ஸ் நீலம் அல்ல, நம்ம சொட்டுநீலம். அணிச் சின்னமான கருஞ்சிறுத்தையின் முகமோ பூனைக்கும் நரிக்கும் நடுவில் நிற்கிறது. அறுநூறு ரூபாய் வீண்.

அசலின் குறை வெயில்தான். அவர்கள் ஆடுவது செப்டம்பரில் தொடங்கிக் குளிர்காலம் வரைக்கும். ஆண்டு முடிய முடிய மூச்சு புகையாக வரும். நம்ம ஊரில் சித்திரை மாதம் வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி இதைப் போட்டுக்கொண்டு ஒரு சுற்று வந்தேன். துணியில் காற்று போகிறது, எண் இருக்கும் இடத்தில் போகவில்லை. நெஞ்சில் 59 என்ற வடிவத்திலேயே வியர்வை நின்றது. மழைக்காலத்துக்கும், குற்றாலச் சீசனில் சாரலோடு நிற்பதற்கும் அருமை. துவைக்கும்போது உட்புறம் திருப்பிப் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். எண்ணின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்கவே கூடாது.

மதிப்பெண் கேட்டால், தையலுக்கு ஐந்துக்கு ஐந்து. துணிக்கு மூன்றரை. நம்ம வெயிலுக்கு ஒன்று. விலைக்கு, தன் காசில் வாங்குகிறவனாக இருந்தால் இரண்டு. அமெரிக்காவில் மருமகன் இருந்தால் நாலு.

இதைப் பார்த்துவிட்டு, கபடிச் சட்டையில் இப்படித் தைத்த எண் வேண்டும் என்று இரண்டு அணிகள் கேட்டிருக்கின்றன. ட்வில் வாங்கிப் போட்டு வைத்திருக்கிறேன். கம்பெனி முத்திரையும் சிறுத்தைப் படமும் போட மாட்டேன், எண் மட்டும். ஒரு சட்டைக்கு நூற்றிருபது ரூபாய் கூடுதலாக வரும், வளைவில்லாத 1, 4, 7 என்றால் இருபது குறைத்துக்கொள்ளலாம். கொடைச் சீசனில் வந்து நாளைக்கே வேண்டும் என்று நின்றால் நடக்காது, ஆவணி கழித்து வாருங்கள்.